ஒரே சந்தாவில் கிடைத்த படங்களெல்லாம் எங்கே போயின?

போன மாதம் பாதிவரை பார்த்து வைத்த தொடர் இந்த மாதம் அந்த ஆப்பில் இல்லை. பெயரைத் தட்டித் தேடினால் அதே சாயலில் வேறு பத்துத் தொடர்கள் வரிசைகட்டி வருகின்றன, கேட்டது மட்டும் வருவதில்லை. விசாரித்தால் அது வேறொரு ஓடிடிக்குப் போய்விட்டது என்று தெரிகிறது. அங்கே தனிச் சந்தா, தனி பாஸ்வேர்டு. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கேபிளை நிறுத்தி மிச்சம் பிடித்த பணம் பழையபடி கரைந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் ஸ்டூடியோக்களின் பேராசை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் அது 2007லும் இருந்தது. அப்போது ஏன் பிரியவில்லை, 2019ல் ஏன் பிரிந்தார்கள், 2023க்குப் பிறகு ஏன் மறுபடி ஒட்டப் பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் பேராசை என்ற ஒரு சொல் விளக்காது. விளக்கம் ஒரு சட்ட வேறுபாட்டில் தொடங்குகிறது. இந்த மாற்றம் முழுசாக நடந்த இடம் அமெரிக்கா என்பதால் அங்கிருந்தே பார்ப்போம்.

டிவிடி வேறு, ஸ்ட்ரீமிங் வேறு

நெட்ஃபிளிக்ஸ் 1997ல் தொடங்கப்பட்ட நிறுவனம். 1998லிருந்து தபாலில் டிவிடி அனுப்பியது. சிவப்பு உறையில் டிவிடி வரும், பார்த்துவிட்டு அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தத் தொழிலை நடத்த நெட்ஃபிளிக்ஸ் எந்த ஸ்டூடியோவிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டூடியோ மொத்த விலைக்குத் தர மறுத்தாலும், சாதாரணக் கடையில் காசு கொடுத்து டிவிடியை வாங்கி வாடகைக்கு விடலாம்.

அமெரிக்கக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் இதற்கு முதல் விற்பனைக் கோட்பாடு என்று பெயர். காப்புரிமை உள்ள பொருளின் ஒரு பிரதியை முறையாக விற்றுவிட்டால், அந்தப் பிரதி வாங்கியவருக்குச் சொந்தம். அவர் அதை விற்கலாம், இரவல் தரலாம், வாடகைக்கு விடலாம். தெருமுனை வாடகை நூலகம் நடத்துகிறவர் ஒவ்வொரு நாவலாசிரியரிடமும் போய்க் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார் இல்லையா, அதே கதைதான்.

2007ல் நெட்ஃபிளிக்ஸ் இணையத்தில் படம் காட்டத் தொடங்கியபோது இந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஸ்ட்ரீமிங்கில் கைமாறும் பிரதி என்று ஒன்று கிடையாது. சர்வரில் ஒரு நகல் எடுத்து வைத்து அதைப் பொதுமக்களுக்கு ஒளிபரப்புகிறார்கள். நகல் எடுப்பதற்கும் ஒளிபரப்புவதற்கும் உரிமையாளரின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தில் மூன்று விஷயங்கள் எப்போதும் எழுதப்பட்டிருக்கும்:

1. எந்த நாட்டில் காட்டலாம். ஒரே படம் சென்னையில் ஒரு ஆப்பிலும் டொரண்டோவில் வேறு ஆப்பிலும் இருப்பது இதனால்தான்.

2. எவ்வளவு காலம் காட்டலாம். தேதி முடிந்தால் அடுத்த நாள் அது அங்கே இருக்காது.

3. தனி உரிமையா, பகிர்ந்த உரிமையா. தனி உரிமை என்றால் அந்தக் காலத்தில் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. விலை இதைப் பொறுத்துப் பல மடங்கு மாறும்.

ஆக, நெட்ஃபிளிக்ஸ் சொந்த வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்குக் குடிபோனது. வீட்டுக்காரருக்கு அந்த இடத்தின் மதிப்பு தெரியாதவரை வாடகை குறைவாக இருந்தது.

மலிவாகக் கொடுத்த காலம்

2008ல் ஸ்டார்ஸ் என்ற அமெரிக்கக் கட்டண சேனலோடு நெட்ஃபிளிக்ஸ் ஒரு ஒப்பந்தம் போட்டது. டிஸ்னி, சோனி படங்களைத் திரையரங்குக்குப் பிறகு காட்டும் உரிமை ஸ்டார்ஸிடம் இருந்தது. அதை இணையத்தில் காட்ட நெட்ஃபிளிக்ஸ் ஆண்டுக்கு சுமார் 3 கோடி டாலர் கொடுத்ததாக அப்போது செய்திகள் வந்தன. ஹாலிவுட்டில் ஒரு நடுத்தரப் படத்தின் பட்ஜெட்டே அதைவிட அதிகம்.

இவ்வளவு மலிவாக ஏன் கொடுத்தார்கள்? ஸ்டூடியோக்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏமாந்துவிடவில்லை. அவர்கள் பார்வையில் அது கூடுதல் வருமானம். திரையரங்கு, டிவிடி, கட்டண சேனல், சாதாரண டிவி என்று ஒரு படம் நாலு கை மாறிய பிறகு, ஐந்தாவது கையாக யாரோ காசு கொடுக்க வந்தால் வாங்கிக்கொள்வதில் என்ன தவறு? 2010 டிசம்பரில், எச்பிஓவையும் வார்னர் பிரதர்ஸையும் வைத்திருந்த டைம் வார்னரின் தலைவர் ஜெஃப் பியூக்ஸ், நெட்ஃபிளிக்ஸ் ஹாலிவுட்டைக் கைப்பற்றும் என்பது அல்பேனிய ராணுவம் உலகைப் பிடித்துவிடும் என்பதைப் போன்றது என்று பேசினார். அன்றைய வரவு செலவை வைத்துப் பார்த்தால் அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை. பெரிய பணம் அப்போது வேறு இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

அந்த இடம் கேபிள். அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள் ஒவ்வொரு சேனலுக்கும், ஒவ்வொரு இணைப்புக்கும், மாதம் இத்தனை டாலர் என்று சேனல் உரிமையாளருக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த வீட்டில் யாரும் அந்தச் சேனலைப் பார்க்கவே இல்லையென்றாலும் கொடுக்க வேண்டும். விளையாட்டே பிடிக்காத பாட்டியின் கேபிள் பில்லிலிருந்தும் டிஸ்னியின் விளையாட்டுச் சேனலான இஎஸ்பிஎன்னுக்குப் பங்கு போகும். டிஸ்னி, வார்னர், என்பிசி யுனிவர்சல், வயாகாம் எல்லாருடைய கஜானாவும் இப்படித்தான் நிரம்பியது. கேட்காமலே வரும் பணம், அதுவும் மாதாமாதம்.

2015 ஆகஸ்டில் இஎஸ்பிஎன் இணைப்புகள் கொஞ்சம் குறைகின்றன என்று டிஸ்னி ஒப்புக்கொண்டபோது, டிஸ்னியோடு சேர்ந்து மற்ற ஊடக நிறுவனங்களின் பங்குகளும் சரிந்தன. மக்கள் கேபிளைத் துண்டிக்கிறார்கள் என்பது அன்றுதான் முதலீட்டாளர்களுக்கு உறைத்தது. துண்டித்தவர்கள் போன இடத்தில், ஸ்டூடியோக்கள் தாங்களே வாடகைக்குக் கொடுத்த படங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இரண்டு பக்கமும் விழித்தது

நெட்ஃபிளிக்ஸ் கொஞ்சம் முன்னதாகவே விழித்துக்கொண்டது. ஸ்டார்ஸ் ஒப்பந்தம் 2012 பிப்ரவரியில் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. வாடகை வீட்டை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது என்று தெரிந்துபோனது. அதே ஆண்டில் சொந்தத் தொடர்களை வெளியிடத் தொடங்கி, 2013ல் ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ் மூலம் பெரிய அளவில் இறங்கியது. நெட்ஃபிளிக்ஸ் ஒரிஜினல் என்ற முத்திரைக்கு ஆரம்பக் காரணம் கலை ஆர்வம் மட்டுமல்ல, வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்லும் நாளுக்கான தயாரிப்பும்தான்.

ஸ்டூடியோக்கள் பக்கம் திருப்பம் 2017 ஆகஸ்டில் வந்தது. 2019ல் வெளியாகும் படங்களிலிருந்து நெட்ஃபிளிக்ஸுக்குத் தரப்போவதில்லை, சொந்தமாக ஒரு சேவை தொடங்குகிறோம் என்று டிஸ்னி அறிவித்தது. 2019 மார்ச்சில் ஃபாக்ஸின் பெரும்பகுதியை 7,130 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. சேவை தொடங்கும்போது அலமாரியில் சரக்கு வேண்டும் அல்லவா, அந்த வாங்கலுக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். பிறகு வந்தவை இவை:

1. டிஸ்னி பிளஸ், 2019 நவம்பர் 12. மாதம் 6.99 டாலர். முதல் நாளிலேயே 1 கோடிப் பேர் சேர்ந்தார்கள்.

2. பீகாக், காம்காஸ்டின் என்பிசி யுனிவர்சலுடையது. 2020 ஜூலையில் அமெரிக்கா முழுவதும் வந்தது.

3. எச்பிஓ மேக்ஸ், வார்னர் மீடியாவுடையது. 2020 மே 27. மாதம் 14.99 டாலர்.

4. பாரமவுண்ட் பிளஸ், 2021 மார்ச். அதற்கு முன் சிபிஎஸ் ஆல் ஆக்சஸ் என்ற பெயரில் இருந்தது.

பெரிய ஸ்டூடியோக்களில் சோனி மட்டும் இந்த ஓட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. அனிமே ரசிகர்களுக்கான கிரன்ச்சிரோலை வைத்துக்கொண்டு, மற்ற படங்களை யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கே விற்றது. 2022லிருந்து திரையரங்கில் வரும் தன் படங்களை நெட்ஃபிளிக்ஸுக்குக் கொடுக்க 2021ல் ஒப்பந்தம் போட்டது. அடுத்து நடந்ததை வைத்துப் பார்த்தால், இந்தக் கூட்டத்திலேயே நிதானமாக யோசித்தது சோனிதான் என்பேன்.

தயாரிப்பவரே காட்டும் இடத்தையும் வைத்துக்கொள்வது ஹாலிவுட்டுக்குப் புதிதல்ல. 1930, 40களில் பாரமவுண்ட், எம்ஜிஎம் போன்றவை சொந்தமாகத் திரையரங்குகள் வைத்திருந்தன. தயாரிப்பும் திரையரங்கும் ஒரே கையில் இருப்பது போட்டிக்கு எதிரானது என்ற வழக்கில், 1948ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஸ்டூடியோக்களுக்கு எதிராகப் போனது. அரங்குகளைப் பிரித்துக்கொடுக்க வேண்டியிருந்தது. ஓடிடிக்கு அந்தக் கட்டுப்பாடு ஒருபோதும் பொருந்தவில்லை. பழைய கட்டுப்பாட்டையே 2020 ஆகஸ்டில் ஒரு நீதிமன்றம் விலக்கிவிட்டது. ஸ்டூடியோக்கள் ஆளுக்கொரு ஓடிடி தொடங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டு அது.

ஒரு தொடரை எடுத்துக் கணக்குப் போடுவோம்

தி ஆபிஸ் என்பது என்பிசியில் 2005 முதல் 2013 வரை ஓடிய நகைச்சுவைத் தொடர். முடிந்து பல வருடம் கழித்தும் நெட்ஃபிளிக்ஸில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். 2020ல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் அதிகம் பார்க்கப்பட்ட தொடர் அதுதான் என்கிறது நீல்சன் கணக்கு: 5,710 கோடி நிமிடங்கள். நெட்ஃபிளிக்ஸில் அதற்கு அதுவே கடைசி ஆண்டு. 2021 ஜனவரி 1 அன்று அது பீகாக்குக்குப் போனது.

அதற்காக என்பிசி யுனிவர்சல் 5 ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் ஒதுக்கியது. அதாவது ஆண்டுக்கு 10 கோடி. பீகாக்கின் கட்டணத் திட்டம் அப்போது மாதம் 4.99 டாலர், ஆண்டுக்கு ஏறக்குறைய 60 டாலர். 10 கோடியை 60ஆல் வகுத்தால் சுமார் 16.7 லட்சம். இந்த ஒரு தொடருக்காகவே அவ்வளவு பேர் புதிதாக வந்து, ஆண்டு முழுக்க விலகாமல் இருந்தால்தான் அந்தச் செலவு மட்டுமாவது கட்டுப்படியாகும். விளம்பர வருமானத்தைச் சேர்த்தால் எண்ணிக்கை கொஞ்சம் குறையும். சர்வர், ஆப், விளம்பரச் செலவு, புதிய தொடர்களுக்கான பணம் எல்லாம் இதற்கு வெளியே.

ஃப்ரெண்ட்ஸ் கணக்கும் அப்படித்தான். 2019 ஓர் ஆண்டுக்கு மட்டும் அதைத் தக்கவைக்க நெட்ஃபிளிக்ஸ் சுமார் 10 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. பிறகு எச்பிஓ மேக்ஸ் 5 ஆண்டுகளுக்கு 42.5 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. அந்தத் தொடரைத் தயாரித்தது வார்னர், எச்பிஓ மேக்ஸும் வார்னருடையது. இடது பையிலிருந்து வலது பைக்கு ஏன் இவ்வளவு பணம் கைமாற வேண்டும் என்ற கேள்வி எழும்.

தொடரின் லாபத்தில் நடிகர்கள், எழுத்தாளர்கள், தயாரிப்பாளர்கள் எனப் பலருக்குப் பங்கு உண்டு. ஸ்டூடியோ தன் சொந்த ஓடிடிக்குச் சும்மா கொடுத்துவிட்டால் அவர்கள் பங்கு அடிபடும். போன்ஸ் என்ற தொடரில் இது வழக்காகவே ஆனது. ஃபாக்ஸ் அந்தத் தொடரை, தனக்குப் பங்கு உள்ள ஹூலு என்ற ஓடிடிக்குச் சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுத்தது என்பது புகார்களில் ஒன்று. 2019 பிப்ரவரியில் நடுவர் 17.9 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார். அதில் 12.8 கோடியை நீதிமன்றம் பின்னர் நீக்கியது, அதே ஆண்டில் சமரசம் ஆனது. தொகை குறைந்தாலும், சொந்த ஓடிடிக்குக் கொடுத்தாலும் நியாய விலை போட வேண்டும் என்ற பயம் எல்லா ஸ்டூடியோவுக்கும் வந்தது.

ஆக, சொந்தப் பொருள்தானே, செலவில்லை என்று வெளியிலிருந்து தோன்றும் இடத்தில் இரண்டு செலவு ஒளிந்திருக்கிறது. பங்குதாரர்களுக்குத் தர வேண்டிய பணம் ஒன்று. வெளியாருக்கு விற்றிருந்தால் கையில் வந்திருக்கக்கூடிய வாடகை இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது.

சந்தாக் கணக்கிலிருந்து லாபக் கணக்குக்கு

2019 முதல் 2021 வரை முதலீட்டாளர்கள் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்டார்கள்: எத்தனை சந்தாதாரர்கள்? எண்ணிக்கை ஏறினால் பங்கு ஏறும். நஷ்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொரோனா ஊரடங்கில் எல்லாரும் வீட்டில் இருந்ததால் எண்ணிக்கையும் ஏறியது.

2022 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் முந்தைய மூன்று மாதங்களில் 2 லட்சம் சந்தாதாரர்களை இழந்ததாக அறிவித்தது. ஒரே நாளில் அதன் பங்கு சுமார் 35 சதவீதம் விழுந்தது. அடுத்த காலாண்டில் இன்னும் 9.7 லட்சம் பேர் போனார்கள். முன்னோடியின் நிலையே இது என்றால் பின்னால் வந்தவர்கள் கதி என்ன என்று கேட்கத் தொடங்கினார்கள். டிஸ்னியின் ஓடிடிப் பிரிவு 2022 அக்டோபர் தொடக்கத்தில் முடிந்த ஒரே காலாண்டில் 147 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. சில வாரத்தில் தலைமை அதிகாரி பாப் சேபெக் வெளியேற்றப்பட்டு, பழைய தலைவர் பாப் ஐகர் திரும்பினார். பீகாக் 2022ல் 250 கோடி, 2023ல் 270 கோடி டாலர் இழந்தது.

நஷ்டத்தின் வேர் சந்தா உதிர்வு. ஒரு மாதத்தில் எத்தனை சதவீதம் பேர் சந்தாவை ரத்து செய்கிறார்கள் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். கேபிளை நிறுத்த போன் போட்டுக் காத்திருந்து, பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓடிடியை நிறுத்த ஒரு பட்டன் போதும். பிடித்த தொடர் வந்தால் ஒரு மாதம் சேர்வது, முடிந்ததும் விலகுவது என்று பார்வையாளர்கள் பழகிக்கொண்டார்கள். அதில் தப்பே இல்லை, கடை பல இருந்தால் தேவையானதை மட்டும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் பாட்டி வீட்டிலிருந்து இஎஸ்பிஎன்னுக்குப் போன பணம் போல, பார்க்காதவரிடமிருந்தும் வரும் பணம் இங்கே கிடையாது.

பார்ப்பவருக்கு என்ன ஆனது

முதலில் கண்ணுக்குத் தெரிவது விலை. டிஸ்னி பிளஸ் விளம்பரமில்லாத திட்டம் 2019ல் 6.99 டாலர், 2022 டிசம்பரில் 10.99, 2023 அக்டோபரில் 13.99, 2025 அக்டோபரில் 18.99. ஆறே வருடத்தில் 2.7 மடங்கு. நெட்ஃபிளிக்ஸின் ஸ்டாண்டர்டு திட்டம் 2025 ஜனவரியில் 17.99 டாலர் ஆனது. குறைந்த விலையில் வேண்டுமென்றால் விளம்பரம் பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் விளம்பரத் திட்டத்தைக் கொண்டுவந்தது, 2023 மே மாதம் அமெரிக்காவில் பாஸ்வேர்டு பகிர்வைக் கட்டுப்படுத்தியது.

அடுத்தது சிதறல். யெல்லோஸ்டோன் என்ற தொடர் பாரமவுண்டுடையது. ஆனால் பாரமவுண்ட் பிளஸ் பிறப்பதற்கு முன்பே அதன் ஸ்ட்ரீமிங் உரிமை பீகாக்குக்கு விற்றாகிவிட்டது. பிறகு அதே குடும்பத்தின் முன்கதைகளான 1883, 1923 ஆகிய தொடர்கள் பாரமவுண்ட் பிளஸில் வந்தன. தாத்தாவின் கதைக்கு ஒரு சந்தா, பேரனின் கதைக்கு இன்னொரு சந்தா. கையொப்பம் ஆகிவிட்ட பழைய ஒப்பந்தத்தைப் புதிய உத்தி வந்து மாற்ற முடியாது. அதனால்தான் எந்தத் தொடர் எங்கே இருக்கும் என்பதை ஸ்டூடியோவின் பெயரை வைத்து ஊகிக்க முடிவதில்லை.

விலையும் சிதறலும் எரிச்சலூட்டுபவை, ஆனால் சமாளிக்கலாம். என்னைப் பொறுத்தவரை உண்மையான இழப்பு மூன்றாவது. படைப்புகள் காணாமல் போகின்றன.

2022 டிசம்பரில் எச்பிஓ மேக்ஸ் தன் சொந்தத் தயாரிப்பான வெஸ்ட்வேர்ல்டைத் தன் தளத்திலிருந்தே எடுத்தது. 2022 நவம்பரில் டிஸ்னி பிளஸில் வந்த வில்லோ தொடர் 2023 மே மாதம் நீக்கப்பட்டது. வந்து அரை வருடம்தான் ஆகியிருந்தது. பேட்கேர்ள் என்ற படம் படப்பிடிப்பு முடிந்த பிறகு, 2022 ஆகஸ்டில், வெளியிடுவதில்லை என்று வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி முடிவு செய்துவிட்டது. உரிமம் முடிந்து வேறு இடத்துக்குப் போன கதையல்ல இவை. உரிமையாளரே எடுத்துப் பூட்டியவை.

சொந்தப் பொருளை ஏன் பூட்ட வேண்டும்? கணக்கியல் காரணம். ஒரு தொடரை எடுக்க ஆன செலவை நிறுவனம் ஒரே ஆண்டில் எழுதாது. அதைச் சொத்தாக வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கும். தொடரை நீக்கிவிட்டால் மீதமுள்ள மதிப்பு முழுவதையும் ஒரே அடியாக நஷ்டமாக எழுதலாம். அது வரி கட்ட வேண்டிய லாபத்தைக் குறைக்கும். தொடர் ஓடும்வரை எழுத்தாளர்களுக்கும் நடிகர்களுக்கும் தர வேண்டிய தொகையும் நின்றுவிடும். 2023 ஜூனில் டிஸ்னி இப்படி நீக்கியவற்றுக்காக 150 கோடி டாலர் மதிப்பைக் கணக்கிலிருந்து குறைப்பதாக அறிவித்தது.

அந்த மாதத்தில் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். 2023 மே 2ல் தொடங்கியது அது. ஜூலையில் நடிகர்களும் சேர்ந்தார்கள். ஓடிடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைக் காட்டு, அதற்கேற்ற பங்கைக் கொடு என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. டிவியில் மறு ஒளிபரப்பு ஆனால் ஒவ்வொரு முறையும் காசு வரும். ஓடிடியில் ஒருவர் ஒரே காட்சியை நூறு முறை பார்த்தாலும் அந்தக் காட்சியை எழுதியவருக்கு அது தெரியக்கூட வழி இருக்கவில்லை. ஒரு படைப்பை நாலு வருடம் உழைத்து உருவாக்கியவர், அதைத் தன் பிள்ளைக்குக் காட்டக்கூட முடியாத நிலையை எந்த வரிச் சலுகையும் நியாயப்படுத்தாது.

இதே சுழல் நம் வீட்டில்

இந்தியாவில் எச்பிஓ தொடர்கள் ஹாட்ஸ்டாரில் பல வருடம் இருந்தன. கேம் ஆஃப் த்ரோன்ஸை இங்கே பலர் பார்த்தது அதில்தான். 2023 மார்ச் 31 அன்று அவை ஹாட்ஸ்டாரிலிருந்து போய்விட்டன. அடுத்து ஜியோசினிமாவில் வந்தன. அங்கே தனிச் சந்தா. பின்னர் டிஸ்னியின் இந்தியப் பிரிவும் ரிலையன்ஸின் ஊடகப் பிரிவும் இணைந்து, 2025 பிப்ரவரி 14 அன்று இரண்டு ஆப்களும் ஜியோஹாட்ஸ்டார் என்று ஒன்றாயின. இரண்டு வருடத்துக்குள் அந்தத் தொடர்கள் ஊரைச் சுற்றிவிட்டுப் பழைய வாசலுக்கே வந்து சேர்ந்தன.

இங்கே பிரிவைத் தூண்டியது கிரிக்கெட். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் டிஜிட்டல் உரிமையை, ஜியோசினிமாவை நடத்திய வயாகாம்18 மொத்தம் 23,758 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஹாட்ஸ்டார் அதை இழந்தது. 2022 அக்டோபர் தொடக்கத்தில் 6.13 கோடியாக இருந்த டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் சந்தாதாரர்கள் 2023 ஜூலை தொடக்கத்தில் சுமார் 4 கோடி ஆனார்கள். 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா இலவசமாகவே காட்டியது. ஒரே ஒரு உரிமம் கைமாறினால் எவ்வளவு பேர் பின்னாலேயே போவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

தமிழில் சன் குழுமம் 2017 ஜூனில் சன் நெக்ஸ்ட் தொடங்கியது. டிஸ்னி பிளஸுக்கு இரண்டு வருடம் முன்பே, அதே தர்க்கத்தில்: பல பத்தாண்டுகளாகச் சேர்த்த படங்களும் தொடர்களும் கையில் இருக்கின்றன, அடுத்தவர் கடையில் ஏன் வைக்க வேண்டும்? ஆனால் சன் முழுசாகக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. 2022ல் அது தயாரித்த பீஸ்ட் திரையரங்குக்குப் பிறகு சன் நெக்ஸ்டிலும் வந்தது, நெட்ஃபிளிக்ஸிலும் வந்தது. தன் கடையையும் வைத்துக்கொண்டு வாடகையையும் விடாமல் வாங்கும் இந்த வழிக்கு ஹாலிவுட் வந்து சேர இன்னும் ஓராண்டு ஆனது.

திரும்ப ஒட்டுதல்

2023 ஜூலையில் எச்பிஓவின் இன்செக்யூர் தொடர் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எச்பிஓ தன் பெருமைக்குரிய சரக்கை எதிரியின் அலமாரியில் வைப்பது அதுவரை நினைத்துப் பார்க்க முடியாதது. 2024 ஜூலையில் டிஸ்னிக்குச் சொந்தமான லாஸ்ட் தொடர் அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸுக்குத் திரும்பியது. பல கோடி டாலர் நஷ்டப்பட்ட பிறகு, 2008ல் வந்த அந்த ஐந்தாவது கையின் மதிப்பு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்த முறை நியாயமான விலையில், பெரும்பாலும் தனி உரிமை இல்லாமல் கொடுக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் கட்டுச் சந்தா. 2024 ஜூலையில் டிஸ்னி பிளஸ், ஹூலு, மேக்ஸ் (எச்பிஓ மேக்ஸின் அப்போதைய பெயர்) மூன்றும் சேர்ந்து விளம்பரத்தோடு 16.99 டாலருக்கு வந்தன. காம்காஸ்ட் தன் வாடிக்கையாளர்களுக்கு பீகாக், நெட்ஃபிளிக்ஸ், ஆப்பிள் டிவி பிளஸ் மூன்றையும் 15 டாலருக்குக் கொடுத்தது. காம்காஸ்ட் ஒரு கேபிள் நிறுவனம். மூன்று சேவை எடுத்தவர் ஒன்றுக்காக மற்ற இரண்டையும் விடமாட்டார், சந்தா உதிர்வு குறையும் என்பதே கணக்கு. கட்டாக வாங்குவது தனித்தனியாக வாங்குவதைவிட மலிவுதான். ஆனால் விலையை ஏற்றிய பிறகு தரப்படும் தள்ளுபடி என்பதையும் மறக்கக் கூடாது. டிஸ்னியின் ஓடிடிப் பிரிவு இஎஸ்பிஎன் பிளஸையும் சேர்த்து முதன்முதலாக லாபம் காட்டியதும் 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில்தான், 4.7 கோடி டாலர்.

மூன்றாவது வழி இணைப்பு. 2022 ஏப்ரலில் வார்னரும் டிஸ்கவரியும் ஒன்றாயின. 2025 ஆகஸ்டில் பாரமவுண்டை ஸ்கைடான்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2025 டிசம்பரில் வார்னர் பிரதர்ஸை வாங்க நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் போட, பாரமவுண்ட் அதைவிடப் பெரிய தொகையோடு நேராகப் பங்குதாரர்களிடம் போனது. அல்பேனிய ராணுவம் என்ற பேச்சு வந்து சரியாக 15 வருடம் ஆகியிருந்தது. ஸ்டூடியோக்கள் குறையக் குறைய ஆப்களும் குறையும். ஆனால் எது எங்கே, எவ்வளவு காலம், என்ன விலை என்பதைத் தீர்மானிக்கும் கைகளும் குறையும். பத்து சந்தாவின் தொல்லையைவிட எனக்கு இதுதான் அதிகம் கவலை தருகிறது. நீக்கிவிட்டால் கொண்டுபோய் வைக்க வேறு கடை இருக்க வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ் தன் டிவிடி சேவையை 2023 செப்டம்பர் 29 அன்று மூடியது. அதுவரை 520 கோடிக்கும் மேற்பட்ட டிவிடிகளை அனுப்பியிருந்தது. கடைசி உறைகளில் போனவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று சந்தாதாரர்களிடம் சொன்னது. சிலருக்குப் பத்து டிவிடிவரை கூடுதலாகவும் அனுப்பியது. அந்த டிவிடிகள் இன்றும் அந்த வீடுகளில் ஓடும்.